ஈரக் கையும் மின்சாரமும்



"கிரைண்டரைக் கழுவும்போது கையில் சுருக்கென்று பிடிக்கிறது. செருப்புப் போட்டுக்கொண்டால் ஒன்றும் தெரிவதில்லை." பயிற்சிக்கு வரும் பண்ணை மகளிர் பலர் இப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். இதைச் சிறு தொல்லையாக எண்ணிப் பல வீடுகளில் மாதக்கணக்கில் விட்டுவிடுகின்றனர். உண்மையில் அது ஓர் எச்சரிக்கை. இது ஏன் ஏற்படுகிறது, இதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

தண்ணீர் மின்சாரத்தைக் கடத்துவது ஏன்?

காய்ச்சி வடித்த தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். ஆனால் நம் கிணற்று நீரில் உப்புகள் கரைந்துள்ளன. இவை மின்னேற்றம் பெற்ற துகள்களாகப் பிரிந்து மின்சாரத்தைச் சுமந்து செல்கின்றன. பாசன நீரை ஆய்வுக்கு அனுப்பினால், முடிவுத் தாளில் 'மின் கடத்துதிறன்' என்று ஓர் எண் வருமல்லவா? அது இதைத்தான் அளக்கிறது. நீரில் உப்பு கூடக் கூட அந்த எண்ணும் உயரும். உப்புக் கரைத்த மாவும், உடல் வியர்வையும் இவ்வாறே மின்சாரத்தைக் கடத்துகின்றன.

உடலின் தடை

நம் உடல் மின்னோட்டத்தை ஓரளவு தடுக்கிறது. இத்தடையின் பெரும்பகுதி மேல்தோலில் உள்ளது. நன்கு காய்ந்த தோலின் தடை ஒரு லட்சம் ஓம் வரைகூட இருக்கும். நனைந்துவிட்டால் உடலின் தடை ஏறத்தாழ 1,000 ஓம் ஆகக் குறைந்துவிடும். வீட்டு மின் அழுத்தம் 230 வோல்ட். அழுத்தத்தைத் தடையால் வகுத்தால் உடலில் பாயும் மின்னோட்டம் கிடைக்கும். காய்ந்த கையில் 2.3 மில்லி ஆம்பியர். ஈரக் கையில் 230 மில்லி ஆம்பியர். வேறுபாடு நூறு மடங்கு!

ஒரு மில்லி ஆம்பியர் அளவில் லேசாகச் சுருக்கென்று தெரியும். பத்து மில்லி ஆம்பியரைத் தாண்டினால் தசைகள் இறுகிப் பிடித்த பொருளை விட முடியாமல் போகலாம். முப்பதைத் தாண்டினால் மூச்சுத் திணறும். ஐம்பது, நூறு என்று உயரும்போது இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிர் போகலாம்.

செருப்பு அணிந்தால் தடை கூடுகிறது, அவ்வளவே. மின்கசிவு கிரைண்டரில் அப்படியே இருக்கிறது. செருப்பு நனைந்தாலோ, மற்றொரு கை தண்ணீர்க் குழாயில் பட்டாலோ பழைய ஆபத்துதான்.

ப்யூஸ் காப்பாற்றாதா?

வீட்டு விளக்குகளுக்கான ப்யூஸ் பொதுவாக 5 ஆம்பியர். அதாவது 5,000 மில்லி ஆம்பியர். உயிரைப் பறிக்க 100 மில்லி ஆம்பியர் போதும். எனவே ஒருவரை மின்சாரம் தாக்கும்போது ப்யூஸ் உருகாது. ப்யூஸ் ஒயரைக் காப்பதற்காக ஏற்பட்டது. ஆளைக் காப்பதற்காக அன்று.

எர்த்தின் பணி

ஆளைக் காக்கும் முதல் அரண் எர்த் கம்பி. கிரைண்டரின் உலோக உடலில் மின்சாரம் கசிந்தால், அது எர்த் வழியே மண்ணுக்குச் செல்கிறது. எர்த் பாதையின் மொத்தத் தடை 5 ஓம் என்றால் 46 ஆம்பியர் பாய்ந்து ப்யூஸ் உடனே உருகும். கோடையில் எர்த் குழி காய்ந்து தடை 100 ஓம் ஆகிவிட்டால் 2.3 ஆம்பியர்தான் பாயும். ப்யூஸ் உருகாது. எர்த் இருந்தும் கிரைண்டர் உடலில் மின்சாரம் நின்றுகொண்டிருக்கும்.

ஆகவேதான் எர்த் குழியில் கரியும் உப்பும் இட்டுத் தண்ணீர் ஊற்றச் சொல்கிறோம். கையில் பகையாக இருக்கும் ஈரமும் உப்பும் எர்த் குழியில் துணையாகின்றன.

இரண்டாவது அரண் மின்கசிவுத் தடுப்பான். கடைகளில் ஆர்.சி.டி. என்று கேட்டு வாங்கலாம். ஃபேஸில் செல்லும் மின்னோட்டம் முழுவதும் நியூட்ரலில் திரும்புகிறதா என்று இது ஒப்பிடுகிறது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே நொடிப்பொழுதில் இணைப்பைத் துண்டித்துவிடும். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் வகையே ஏற்றது. ஆயினும் இது எர்த்துக்கு மாற்று ஆகாது. ஒருவர் ஃபேஸையும் நியூட்ரலையும் ஒருசேரத் தொட்டால் இதனால் காப்பாற்ற முடியாது.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. கிரைண்டர், மோட்டார், ஹீட்டர் ஆகியவற்றுக்கு மூன்று முள் பிளக்கையே பயன்படுத்துங்கள். பருத்து நீண்டிருக்கும் முள் எர்த்துக்கானது. அதை வெட்டிவிட்டு இரண்டு துளை சாக்கெட்டில் செருகுவது பெருந்தவறு.

2. கிரைண்டரைக் கழுவுமுன் சுவிட்சை அணைத்துப் பிளக்கையும் கழற்றுங்கள். சுவிட்ச் தவறுதலாக நியூட்ரலில் பொருத்தப்பட்டிருந்தால், அணைத்த பின்னும் கருவியில் மின்சாரம் இருக்கும்.

3. வாளி நீரில் போடும் ஹீட்டரின் உறையில் விரிசல் விட்டால் தண்ணீரே மின்சாரம் ஏறியதாகிவிடும். பிளக்கைக் கழற்றிய பின்னரே சூட்டை விரலால் பாருங்கள்.

4. கோடையில் எர்த் குழிக்குத் தவறாமல் தண்ணீர் ஊற்றுங்கள். ஆண்டுக்கொரு முறை உரிமம் பெற்ற மின் பணியாளரைக் கொண்டு எர்த் தடையை அளந்து பாருங்கள்.

5. ஆர்.சி.டி.யில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்துங்கள். உடனே துண்டிக்காவிட்டால் மாற்றிவிடுங்கள்.

6. துணி காயவைக்கும் கம்பியை மின் கம்பத்திலோ, வீட்டுக்கு மின்சாரம் வரும் குழாயிலோ கட்டாதீர்கள். கம்பத்திலும் அதன் இழுவைக் கம்பியிலும் மாடு கட்டாதீர்கள். ஈர மண்ணில் கசிவு ஏற்பட்டால், முன்கால்களுக்கும் பின்கால்களுக்கும் இடைவெளி மிகுந்த மாடுகளே முதலில் பலியாகின்றன.

மின்சாரம் தாக்கினால்

முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். இயலாதபோது, உலர்ந்த இடத்தில் நின்று, காய்ந்த மூங்கில் கழியால் ஒயரைத் தள்ளிவிட வேண்டும். பதறிப்போய்த் தொட்டு இழுத்தால் இழுப்பவரும் மாட்டிக்கொள்வார். இது வீட்டு மின்சாரத்துக்கு மட்டுமே பொருந்தும். அறுந்து விழுந்த மின்பாதைக் கம்பியின் அருகே செல்லாமல் மின்வாரியத்துக்குத் தகவல் கொடுங்கள். மூச்சு நின்றிருந்தால் 108 ஆம்புலன்சை அழைத்து, அது வரும்வரை மார்பின் நடுவில் விடாமல் அழுத்த வேண்டும். தெளிந்து எழுந்தவரையும் மருத்துவரிடம் காட்டுவது அவசியம்.

இம்மாதம் ஒரு வேலை செய்யுங்கள். "எந்தச் சாமானிலாவது சுருக்கென்று பிடிக்கிறதா?" என்று வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள். ஆம் என்றால், அதைச் சரிசெய்யும்வரை அந்தப் பிளக்கைச் செருக வேண்டாம்.