ஒரு குறுஞ்செய்தியின் கணக்கு

தமிழ்ப்பள்ளியில் மீட்டரைச் சென்டிமீட்டராக மாற்றக் கற்றோம். இடைநிலைப்பள்ளியில் பிட்டையும் பைட்டையும் மலாய்மொழியில் படித்துத் தேர்வு எழுதினோம். அந்தப் பாடம் என்றாவது தமிழுக்குக் கைகொடுக்கும் என்று நான் எண்ணியதில்லை.

கழகத்தின் பொங்கல் விழா அழைப்பை 200 பேருக்கு அனுப்பும் பொறுப்பு என்னிடம் வந்தது. இணைய இணைப்பு இல்லாதவருக்கும் சேரட்டும் என்று குறுஞ்செய்தியைத் தேர்ந்தெடுத்தோம். தமிழில் அழகாக எழுதினேன். கட்டணத்தைப் பார்த்தால், ஓர் அழைப்புக்கு மூன்று செய்திகளின் விலை!

“அக்கா, ஆங்கில எழுத்துலயே தட்டிடலாமே, ஒரு செய்தியோட முடிஞ்சிடும்,” என்றார் பொருளாளர் தம்பி.

ஏன் இந்த வேறுபாடு? நண்பர்களே, கணக்கைப் பார்ப்போம்.

ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட். ஒரு பைட் என்பது 8 பிட்.

140 × 8 = 1120 பிட்

ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 7 பிட் போதும்.

1120 ÷ 7 = 160 எழுத்துகள்

தமிழ், யூனிகோட் குறியீடுகளாகச் செல்கிறது. ஒரு குறியீட்டுக்கு 16 பிட், அதாவது 2 பைட்.

1120 ÷ 16 = 70 குறியீடுகள்

செய்தியில் ஒரே ஒரு தமிழ் எழுத்து இருந்தாலும் இடைவெளி, எண், முற்றுப்புள்ளி எல்லாமே 16 பிட் ஆகிவிடும்.

இன்னொன்று. ‘தமிழ்’ நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கைப்பேசிக்கோ த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள்.

5 × 2 = 10 பைட்

செய்தி 70ஐத் தாண்டினால் துண்டுகளாகப் பிரியும். அவற்றை மீண்டும் சேர்ப்பதற்கான தகவலுக்கு ஒவ்வொரு துண்டிலும் 6 பைட் போய்விடும்.

(140 − 6) ÷ 2 = 67 குறியீடுகள்

என் அழைப்பில் 158 குறியீடுகள் இருந்தன. இரண்டு துண்டுகளில் 134 மட்டுமே அடங்கும், ஆகவே மூன்று. 200 பேருக்கு 600 செய்திகளின் கட்டணம்!

காரணம் தெரிந்ததும் வழியும் தெரிந்தது. அடைமொழிகளை நீக்கி மீண்டும் எழுதினேன்:

“பொங்கல் விழா. சனி மாலை 6 மணி. மாணவர் மண்டபம். வருக!”

எண்ணிப் பாருங்கள்: 51 குறியீடுகள், 102 பைட், 816 பிட். ஒரே செய்தியில் அடங்கிவிட்டது. தம்பியும் மறுப்பேதும் சொல்லவில்லை.

தமிழில் அனுப்பினால் செலவு அதிகம் என்று யாரேனும் சொன்னால், உடனே ஆங்கில எழுத்துக்குத் தாவிவிட வேண்டாம். முதலில் ஒருமுறை வகுத்துப் பார்ப்போம். பிறகு சுருங்கச் சொல்லப் பழகுவோம்.