முட்டைக்குச் செய்த பாய்லர்

கேள்வி: அமெரிக்காவில் வீட்டைச் சூடாக்கும் விறகு பாய்லரைச் சிலர் கோடையிலும் அணைக்காமல் எரிக்கிறார்களாமே, ஏன்? இந்தப் பாய்லரைக் கண்டுபிடித்தவர் பெஞ்சமின் பிராங்க்ளின்தானே?

பதில்: இல்லை. அடுப்பு என்று யார் வாயெடுத்தாலும் பிராங்க்ளின் பெயர் வந்து நிற்கிறது. இந்தப் பகுதியில் எத்தனை முறை எழுதினாலும் அந்த மனிதருக்கு மாலை விழுவது நிற்கவில்லை. 1744இல் அவர் சிறுநூல் எழுதி விளம்பரப்படுத்தியது இரும்புக் கணப்பு. அதில் தண்ணீருக்கு வேலையே கிடையாது. புகை கீழே இறங்கி, பிறகு மேலே ஏறிப் போக வேண்டும் என்று வடிவமைத்திருந்தார். சூடான புகைக்கு இறங்கப் பிடிக்காது என்பதால் அது அறைக்குள்ளேயே தங்கிவிட்டது. பின்னால் வந்தவர்கள் அதைப் பிரித்துத் திருத்தினார்கள். பெயர் மட்டும் அவருக்கே நின்றுவிட்டது.

வெந்நீரைக் குழாயில் ஓடவிட்டு இடத்தைச் சூடாக்கும் யோசனையின் பெயர்பெற்ற ஆரம்ப முயற்சிகள் மனிதர்களுக்காக நடந்தவை அல்ல. 1716இல் மார்ட்டன் டிரைவால்ட் என்ற சுவீடன்காரர் இங்கிலாந்தின் நியூகாசிலில் செடி வளர்க்கும் கண்ணாடி வீட்டுக்கு அப்படிச் செய்தார். பிறகு கோழிக்கு. 1770களில் போன்மேன் என்ற பிரெஞ்சுக்காரர் பாரிஸ் அருகே வெந்நீர்க் குழாய்களை ஓட்டி முட்டைகளைப் பொரிக்க வைத்தார். முட்டைக்குச் சூடு ஒன்றிரண்டு டிகிரி தாண்டினாலும் குஞ்சு கிடைப்பது சந்தேகம். எனவே ஈயக் குழாய்க்குள் இரும்புக் கம்பியைப் பொருத்தித் தண்ணீரில் வைத்தார். ஈயம் இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் விரியும். சூடு ஏறினால் அந்த வித்தியாசம் ஒரு நெம்புகோலைத் தள்ளி, அடுப்புக்குப் போகும் காற்றை அடைத்துவிடும். சூடு இறங்கினால் திறந்துவிடும். அமெரிக்காவின் மெய்ன், வெர்மான்ட் மாநிலங்களில் வீடுகளின் பின்புறம் சிறு கொட்டகை மாதிரி நிற்கும் விறகு பாய்லரில் இன்று மின்சாரமும் விசிறியும் சேர்ந்திருக்கின்றன. ஆனால் தண்ணீர் போதிய சூடு ஏறியதும் தீயின் மூச்சை அடைக்கிற அந்த முட்டை வித்தை அப்படியே இருக்கிறது. கோடைத் தொல்லை அத்தனையும் அதிலிருந்துதான் வருகிறது.

முட்டை இருபத்தொரு நாளும் இரவு பகலாக ஒரே அளவு சூட்டைக் கேட்கும். குளிர்கால வீடும் ஏறக்குறைய அப்படித்தான். கோடையில் வீடு கேட்பது குளிக்கவும் பாத்திரம் கழுவவும் கொஞ்சம் வெந்நீர், அவ்வளவுதான். நாலு பேர் உள்ள வீட்டுக்கு நாளொன்றுக்கு 200 லிட்டர், 40 டிகிரி சூடேற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு 9 கிலோவாட் மணிக்குச் சற்று மேல் போதும். ஒரு கிலோ காய்ந்த விறகில் சுமார் 4 கிலோவாட் மணி இருக்கிறது. ஆக, எதுவும் வீணாகாவிட்டால் இரண்டரைக் கிலோ விறகில் கதை முடிந்தது. 40 கிலோவாட் பாய்லர் இதைக் கால் மணி நேரத்தில் செய்துவிடும். மீதி இருபத்து மூன்றே முக்கால் மணி நேரமும் அது மூச்சடைத்து, புகைந்து, தன் வயிற்றில் உள்ள பல நூறு லிட்டர் தண்ணீரைச் சூடாக வைத்துக்கொண்டு சும்மா நிற்கும். சோளப்பொரிப் பசிக்கு யானையைக் கட்டித் தீனி போடுகிற கணக்கு இது.

சரி, அப்படியானால் ஏன் அணைப்பதில்லை? விறகு சொந்தக் காட்டில் சும்மா கிடைக்கிறது என்பது ஒரு காரணம். பாய்லரை அணைத்துவிட்டால் கோடை ஈரத்தில் துருப்பிடித்துவிடும், தீ இருந்தால் காய்ந்திருக்கும் என்ற நம்பிக்கை இன்னொன்று. இரண்டாவதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் அதைக் கொல்வது கடினம். அணைத்த பாய்லர் துருப்பிடிக்கும்தான். ஆனால் சாம்பலை அள்ளாமல் போட்டுவிட்டால்தான். சாம்பல் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பின் மேல் பூசிவிடும். சுரண்டி, பெருக்கி, உள்ளே உள்ள, துருத் தடுப்பு மருந்திட்ட தண்ணீரை வடிக்காமல் விட்டால் ஆபத்தில்லை. அணையாத தீயோ தண்ணீரைத் தானே உண்டாக்குகிறது. ஐந்தில் ஒரு பங்கு ஈரமுள்ள விறகு ஒரு கிலோ எரிந்தால் அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாக வெளியேறும். தீ கொழுந்துவிட்டு எரிந்தால் ஆவி புகைபோக்கி வழியாகப் போய்விடும். காற்றடைத்துப் புகைந்தால், அது தண்ணீர் சூழ்ந்த, புகையைவிடக் குளிர்ந்த சுவரில் அமிலமும் தாருமாக வழியும். துருவுக்குப் பயந்து வளர்க்கும் தீ துருவுக்கே விருந்து வைக்கிறது.

புகை அடுத்த சிக்கல். குளிர்காலத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்தியிருப்பார், கோடையில் திறந்திருப்பார். பழைய ரகப் பாய்லர்களை மே 1 முதல் செப்டம்பர் 30 வரை எரிப்பதற்குப் பென்சில்வேனியா, இண்டியானா மாநிலங்கள் கட்டுப்பாடு விதித்ததன் நியாயம் இதுதான். அமெரிக்க மத்திய அரசின் 2015 புகை விதியும், அதன் கடுமையான 2020 அளவும் புதிதாக விற்பவற்றுக்குத்தான். அந்த விதியைப் பொறுத்தவரை, கொல்லையில் ஏற்கெனவே நிற்கும் கிழம் தன் பாட்டுக்குப் புகைந்துகொண்டிருக்கலாம்.

தீயை அடக்காதே, சூட்டைச் சேமி என்று 1970களின் இறுதியில் சொன்னவர் மெய்ன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரிச்சர்ட் ஹில். விறகு முழு வேகத்தில் எரியட்டும், வரும் சூட்டைப் பெரிய தண்ணீர்த் தொட்டி உள்வாங்கி வைத்துக்கொள்ளட்டும் என்பது அவர் வழி. சுவீடனில் இது வீட்டு வழக்கமாகவே ஆகிவிட்டது. 2000 லிட்டர் தொட்டியை 50 டிகிரியிலிருந்து 85 டிகிரிக்கு ஏற்றினால் சுமார் 80 கிலோவாட் மணி சேரும். கசிவைக் கழித்தாலும் மேலே சொன்ன குடும்பத்துக்கு ஐந்தாறு நாள் குளியல். ஏறக்குறைய வாரம் ஒரு தீ போதும்.

தொட்டியின் விலை பாய்லர் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடுமே என்பார்கள். நியாயம்தான். கோடைக்கு மட்டும் தொட்டி வாங்குவது மடத்தனம்; குளிர்காலத்துக்கும் அது விறகை மிச்சம் பிடிப்பதால்தான் வாங்கலாம். கையில் பணமில்லாதவர் கோடை நான்கு மாதத்துக்குச் சாதாரண மின்சார ஹீட்டர் ஒன்றை மாட்டிக்கொண்டு, பாய்லருக்கு லீவு விடட்டும். அந்த லீவில், பாய்லரிலிருந்து வீட்டுக்கு மண்ணுக்கடியில் ஓடும் வெந்நீர்க் குழாயைத் தோண்டிப் பார்த்துப் புது உறை போடலாம். பனிக்காலத்தில் முற்றத்துப் பனி ஒரே கோடாக உருகிக் கிடந்தால், குழாய் போகும் பாதை அதுதான், விறகு போகும் பாதையும் அதுதான்.

கேள்வி: அந்தப் பிரெஞ்சுக் கோழிகள் என்ன ஆயின?

பதில்: அரண்மனைக்கும் பாரிஸ் சந்தைக்கும் போயின, பிறகு குழம்பாயின. 1789இல் புரட்சி வந்து, வாங்கித் தின்றவர்களின் தலைகளே ஆட்டம் கண்டபோது வியாபாரமும் படுத்தது. பிராங்க்ளின் அதற்கு நாலு வருடம் முன்பே பாரிஸை விட்டுக் கப்பலேறிவிட்டார். அந்தக் கோழியை அவர் ருசித்தாரா என்று அடுத்த வாரம் யாரும் எழுதிக் கேட்க வேண்டாம்.