சாவி யார் கையில்?

கேள்வி: கிரிப்டோ நாணயங்களைப் பிரவுசர் வாலட்டில் பாதுகாப்பாக வைப்பது எப்படி?
– வாசகர், திருத்தணி

பதில்: 2024 ஜூலையில் வசீர்எக்ஸ் என்னும் இந்தியப் பரிமாற்றகத்திலிருந்து ஏறத்தாழ 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் களவு போனதும், அதில் கணக்கு முடங்கிய ஒருவரின் வழக்கில் 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் கிரிப்டோவைச் சொத்து என ஏற்றதும், இச்சொத்தின் சாவி, அதாவது அதைச் செலவிட உதவும் இரகசியக் குறியீடு, யாரிடம் இருக்கிறது என்னும் கேள்வியை முன்னிறுத்தின.

பரிமாற்றகத்தில் சாவி நிறுவனத்திடம் இருக்கும். 2016இல் வெளிவந்த மெட்டாமாஸ்க் போன்ற எக்ஸ்டென்ஷனில், அதாவது பிரவுசரோடு இணையும் சிறு செயலியில், சாவி உரியவரின் கணினியிலேயே மறையாக்கம் செய்யப்பட்டு இருக்கும். போலிச் செயலிகள் மிகுதியாதலின், தேடலில் வரும் விளம்பரங்களைத் தவிர்த்து, அதிகாரபூர்வ இணையதளம் காட்டும் இணைப்பின் வழியே அதனை நிறுவுவதே முறை.

நிறுவியதும் தோன்றும் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்களே 'சீட் ஃபிரேஸ்' எனப்படும் மீட்புத் தொடர். கடவுச்சொல் அந்தக் கணினியில் மட்டுமே வாலட்டைத் திறக்கும். இச்சொற்களோ எந்தக் கணினியிலும் முழுச் சொத்தையும் திறந்துவிடும் என்பதால், அவற்றைப் படமெடுக்காமலும் மின்னஞ்சலில் சேமிக்காமலும், தாளில் எழுதி இரண்டு இடங்களில் பூட்டி வைக்க வேண்டும். அவற்றைக் கேட்பவர் 'வாடிக்கையாளர் சேவை' என்று சொன்னாலும் மோசடிக்காரரே.

இணையதளங்கள் கோரும் 'அனுமதி'யை வாசிக்காமல் ஏற்பது, நாணயங்களை எடுக்கும் உரிமையையே பிறருக்கு வழங்கிவிடக்கூடும். பெருந்தொகைக்கு, சாவியைத் தனிக் கருவியில் வைக்கும் ஹார்டுவேர் வாலட்டே தக்கது. பணம் பறிபோனால் உடனே 1930 என்னும் சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்வது இன்றியமையாதது.