பல்லை அப்புறம் பார்க்கலாம்

அன்புள்ள தங்கைக்கு,

உன் திரைக்கதையைப் படித்துவிட்டேன். அலுவலகத்துக்குப் புதிதாக வரும் மேனேஜர் ஒரு ரத்தக் காட்டேரி. ஊழியர்களுக்கு அது தெரியவர நாற்பது பக்கம் ஆகிறது. அந்த நாற்பது பக்கத்திலும் அவர்கள் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று எனக்குப் பிடிபடவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறார்கள், காபி குடிக்கிறார்கள், பயப்படுகிறார்கள். அந்தக் கம்பெனி எதை விற்கிறது? யாருடைய கையெழுத்து விழாமல் எது நகராது? மாதக் கடைசியில் யாருக்கு வயிற்றைக் கலக்கும்? என் குறை மொத்தமும் இதுதான்.

காட்டேரியை அலுவலகத்துக்கு அழைத்து வருவது புதுமை என்று நினைக்கிறாய். ஆங்கிலக் கதைகளில் அது பிறந்து வளர்ந்ததே சம்பளக்காரர்கள் கையில்தான். 1816இல் கவிஞர் பைரனிடம் மருத்துவராக வேலை பார்த்தவர் ஜான் பொலிடோரி. ஜெனீவா ஏரிக்கரையில், மேரி ஷெல்லி 'ஃபிராங்கன்ஸ்டைன்' எழுதத் தொடங்கிய அதே கோடையில், அவரும் உடனிருந்தார். அந்த ஆண்டே வேலை போயிற்று. பிறகு அவர் எழுதிய காட்டேரி ஒரு பிரபு. உயர்ந்த இடங்களில் பழகுபவன். கூட இருப்பவர்களெல்லாம் நாசமாகிறார்கள், அவனுக்கு மட்டும் ஒன்றும் ஆவதில்லை. பைரனை மனதில் வைத்தே அந்தப் பாத்திரம் எழுதப்பட்டதாக இன்றுவரை சொல்கிறார்கள். 1819இல் 'தி வாம்பயர்' அச்சில் வந்தபோது ஆசிரியர் என்று போட்டிருந்தது பைரன் பெயரை! உழைப்பு ஒருவருக்கு, பெயர் மேலதிகாரிக்கு. இதை நீ கற்பனை செய்து எழுதியிருந்தால் கொஞ்சம் மிகை என்று அடித்திருப்பேன்.

பிராம் ஸ்டோக்கரும் அப்படித்தான். லண்டன் லைசியம் நாடக அரங்கில், ஹென்றி இர்விங் என்ற பெருநடிகரிடம், 1878 முதல் நிர்வாகி. கணக்கும் கடிதமும் பயண ஏற்பாடுமாக நாள் முழுக்க ஓடியவர், அதற்கிடையில் எழுதி 1897இல் வெளியிட்டது 'டிராகுலா'. அதன் தொடக்கம் என்ன? வக்கீல் அலுவலகத்து இளைஞன் ஒருவன், வீடு வாங்கும் பத்திர விஷயமாக வெளிநாட்டுக் கட்சிக்காரரைப் பார்க்கப் போகிறான். சுத்தமான ஆபீஸ் வேலை. கோட்டையில் வேலையாட்கள் யாருமில்லை. கதவிடுக்கு வழியே பார்த்தால் பிரபுவே படுக்கை விரித்துக்கொண்டிருக்கிறார். நாவலில் அது திகில். எனக்கு இந்த வகையின் முதல் நல்ல சிரிப்பும் அதுதான். சாகாவரம் உண்டு, கோட்டை உண்டு, ஆனால் விருந்தாளிக்குப் படுக்கை போட ஆளில்லை.

ஜெமைன் கிளெமென்ட்டும் டைக்கா வைடிடியும் 2014இல் எடுத்த 'வாட் வி டூ இன் தி ஷேடோஸ்' படம், காட்டேரி வீட்டில் வீட்டுவேலையை யார் செய்வது என்ற கேள்வியிலேயே ஓடுகிறது. வெலிங்டனில் ஒரே வீட்டில் குடியிருக்கும் காட்டேரிகள் கூட்டம் போட்டு விவாதிக்கும் பிரச்சினை, ஒருவன் 5 ஆண்டுகளாகத் தன் முறைக்குப் பாத்திரம் கழுவவில்லை என்பது.

அந்தப் படத்திலிருந்து 2019இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரை நீ பார்த்திருப்பாய். அதில் ஆபீஸில் வேலை பார்க்கும் காட்டேரியான காலின் ராபின்சனை மட்டும் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து மறுபடி பார். அவனுக்குக் கோரைப்பல் கிடையாது, வெயில் ஒன்றும் செய்யாது. பக்கத்து மேசைக்காரரிடம் உப்புச்சப்பில்லாத விஷயத்தை விடாமல் பேசி அவருடைய ஜீவனை உறிஞ்சுகிறான். இதோடு நின்றிருந்தால் ஒரு நல்ல துணுக்கு, அவ்வளவே. இரண்டாம் பருவத்தில் அவனுக்கு ப்ரமோஷன் கொடுத்தார்கள் பார், அங்கேதான் எழுத்தாளர்களின் கை தெரிகிறது. சக ஊழியனாக இருக்கும்வரை அறுவை தாங்காமல் எழுந்து போய்விடலாம். மேலதிகாரி பேசும்போது எழுந்து போக முடியாது, அவர் ஜோக்குக்குச் சிரித்தும் ஆகவேண்டும். ஆகவே அவன் பலம் கட்டுக்கடங்காமல் ஏறுகிறது. கதை சொல்லாமலே நமக்குத் தெரிந்த ஒரு அதிகார விதியை, காட்டேரி விதி ஒன்று துல்லியமாக அளந்து காட்டிவிடுகிறது. உன் திரைக்கதையில் ஒரு காட்சியாவது இந்த வேலையைச் செய்யவேண்டும். முதலாளி ரத்தத்தை உறிஞ்சுகிறான் என்பது மேடை மேடையாக நாம் கேட்டுச் சலித்தது. கார்ல் மார்க்ஸ் 'மூலதன'த்திலேயே அந்த உவமையைப் போட்டுவிட்டார். அதற்குப் பல் கட்டிவிடுவது மட்டும் போதாது.

அடுத்தது, கதையை யார் பக்கமிருந்து சொல்கிறாய் என்பது. எடுபிடியைப் பிடித்துக்கொள். அந்தத் தொடரின் கியெர்மோ, ஒருநாள் தன்னையும் காட்டேரி ஆக்குவார்கள் என்ற நம்பிக்கையில் பத்தாண்டுக்கு மேல் பிணத்தை இழுத்துப் புதைத்தவன். வேலை நிரந்தரமாகும் என்று காத்திருக்கும் யாருக்கும் அவனைப் புரியும். 2023இல் வந்த 'ரென்ஃபீல்ட்' நல்ல இடத்தில் தொடங்கியது. டிராகுலாவின் எடுபிடி, பிறரால் நசுக்கப்பட்டவர்கள் கூடி மனம்விட்டுப் பேசும் ஒரு வட்டத்தில் போய் உட்காருகிறான். அப்புறம் ரவுடிக் கும்பல், துப்பாக்கி, போலீஸ் என்று படம் தடம் மாறியது. டிராகுலாவாக நிக்கோலஸ் கேஜ் எவ்வளவு முறைத்தும் பயனில்லை.

ஆனால் அதே கேஜ் 1988இல் நடித்த 'வாம்பயர்ஸ் கிஸ்' இருக்கிறதே, அதைத் தனியாகப் பார். சிரித்துக்கொண்டே பார்க்காதே. மன்ஹாட்டனில் இலக்கிய முகவர் ஒருவன், தன்னைக் காட்டேரி என்று நம்பத் தொடங்குகிறான்; கடையில் மலிவு பிளாஸ்டிக் பல் வாங்கி மாட்டிக்கொள்கிறான். இன்றைக்கு எல்லோரும் நினைவில் வைத்திருப்பது அவன் போடும் கூத்தைத்தான். என்னைப் பிடித்து உலுக்குவது அவனுடைய செயலாளர் ஆல்வா. பழைய ஒப்பந்தம் ஒன்றை ஃபைல்களில் தேடிக் கண்டுபிடி என்று அவள் உயிரை எடுக்கிறான். அந்தக் காகிதம் யாருக்கும் அவசரமில்லை. அவள் உடம்பு சரியில்லை என்று வீட்டில் இருந்தால், டாக்சி பிடித்து வீட்டுக்கே போய் அழைத்து வருகிறான். சிரிப்பு எங்கே நின்றுபோகிறது என்று பார்வையாளர் ஒவ்வொருவரும் தாமே உணர்கிறார்கள், ஏனென்றால் கேமரா ஆல்வாவோடு அவள் வீட்டுக்கும் போகிறது. உன் கதையில் அக்கவுண்ட்ஸ் பெண் மூன்று காட்சியில் அலறுகிறாள். அவள் வீடு எங்கே இருக்கிறது என்று உனக்கே தெரியாது.

சில்லறை விஷயங்கள். நைட் ஷிஃப்ட் ஜோக்கை எடுத்துவிடு; தலைப்பைக் கேட்டவுடனேயே எல்லோருக்கும் அது தோன்றிவிடும். அழைக்காமல் காட்டேரியால் உள்ளே வரமுடியாது என்ற விதியை நீ தொடவே இல்லை. வாசலில் விசிட்டர் பாஸ் எழுதும் செக்யூரிட்டி கையில் எவ்வளவு பெரிய அதிகாரம் அது! சிந்திய தானியத்தை எண்ணி முடிக்காமல் காட்டேரியால் நகர முடியாது என்று கிழக்கு ஐரோப்பாவில் ஒரு பழைய நம்பிக்கை உண்டு. 'செசமி ஸ்ட்ரீட்' என்ற குழந்தைகள் தொடரும் 1972 முதல் எண் சொல்லிக்கொடுக்க ஒரு காட்டேரி பொம்மையை வைத்திருக்கிறது. உன் மேனேஜர் பெட்டி கேஷ் சில்லறையைப் பார்த்தால் என்ன ஆவார், யோசித்துப் பார்.

ப்யூனுக்கு நீ பெயர்கூட வைக்கவில்லை. எந்த கேபினில் எந்தக் கண்ணாடியைக் கழற்றினார்கள், எந்த டிபன் பாக்ஸ் திறக்காமல் திரும்பி வருகிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் முதலில் தெரியும். அவருக்கு ஒரு பெயரும், வீட்டு வாடகையும், கட்டவேண்டிய சீட்டுப் பணமும் கொடு. மேனேஜர் யாரென்று தெரிந்த பிறகும் அவர் மறுநாள் காலை வேலைக்கு வருகிறார். ஏன் வருகிறார் என்று அந்த ஒரு காட்சியை மட்டும் முதலில் எழுதி அனுப்பு.

அன்புடன்,
அக்கா