தூண்டில் தக்கை: சில அனுபவ வார்த்தைகள்

தூண்டில் தக்கையின் தொழில் மிதப்பது என்றுதான் பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். ஆனால் குளக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் பல வருஷங்களாக உட்கார்ந்து, என் கையால் சீவிய மரத்தக்கைகளையே உபயோகித்து வருகிற எனக்கு ஏற்பட்டுள்ள அபிப்பிராயம், நன்றாக மிதக்கிற தக்கையைக் காட்டிலும் பிரயோஜனமற்ற தக்கை வேறில்லை என்பதே.

இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். இரண்டு சென்டிமீட்டர் குறுக்களவுள்ள உருளை வடிவ மரத்துண்டு ஒன்று பாதி வெளியே தெரிய நின்று மிதக்குமானால், அதை இன்னும் ஒரு சென்டிமீட்டர் அமிழ்த்துவதற்கு மீனானது சுமார் 3 கிராம் எடை அளவுக்கு இழுக்க வேண்டும். அதே துண்டு முழுவதும் நீருக்குள் அமிழ்ந்து, உச்சியில் செருகிய 2 மில்லிமீட்டர் மூங்கில் சிம்பு மட்டும் வெளியே தலை காட்டுமானால், 0.03 கிராமே போதும். அதாவது நூற்றில் ஒரு பங்கு. 1952-இல் நம் தேசத்துக்குள் கொண்டுவரப்பட்டு, இன்று ஊருணி ஏரி என்ற பேதமின்றிப் பெருகிவிட்ட ஜிலேபிக் கெண்டை, புழுவை வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பிவிடுகிற சுபாவமுடையது. தடித்த தக்கையில் அந்தச் சூட்சுமம் தெரியவே தெரியாது.

மரத்துக்கு நான் அதிகம் நம்புவது கல்யாண முருங்கையை. இலவும் ஏழிலைப்பாலையும் ஆகும்; கருவேலும் வேம்பும் கனமானவை, ஆகா. கட்டைவிரல் பருமனுள்ள கிளையைப் பட்டை உரித்து நிழலிலே உலர்த்த வேண்டும். அவசரப்பட்டு வெயிலில் போட்டால் வெடித்துவிடும். மூன்று அங்குலத் துண்டு போதுமானது. துளையை முதலில் போட்டுவிட்டு, உருவத்தைப் பிறகு செதுக்குவது உத்தமம். ஏனெனில் பழுக்கக் காய்ச்சிய குடைக்கம்பி எவ்வளவு ஜாக்கிரதையாகச் செலுத்தினாலும் சற்றே விலகித்தான் போகும், அந்த விலகலையே மத்தியமாகக் கொண்டு சுற்றிலும் சீவினால் கோணல் நீங்கிவிடும். துளையில் சிம்பைச் செருகி, உப்புத்தாளை மடித்து விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு, சிம்பை உருட்ட உருட்ட உடல் வழவழப்பாகும். தேங்கிய நீருக்கு ஒல்லியான உடல். ஓடும் வாய்க்காலுக்கு மேற்புறம் சற்றுத் தோள் பருத்த உடல்.

மரத்தின் திசு நீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமானது என்பதையும், அது மிதப்பதெல்லாம் உள்ளறைகளில் அடைபட்ட காற்றின் தயவினாலே என்பதையும் உணர்ந்தவர்கள் வார்னிஷ் விஷயத்தில் அலட்சியம் காட்டமாட்டார்கள். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை நீர்க்கப் பூசி மரம் குடிக்கும்படி விட வேண்டும். அரக்கு மட்டும் தண்ணீரில் ஊறினால் வெளுத்துப்போகுமாதலால், உலர்ந்தபின் அதன்மேல் எண்ணெய் வார்னிஷும் அவசியம். சிம்பு நுழைகிற இரு வாய்களிலும் ஒரு துளி அதிகமாகவே விடுங்கள். நீர் முதலில் அங்கேதான் புகும். சிம்பின் நுனிக்குச் சிவப்பு வர்ணம் அழகுதான். ஆனால் மாலை வெயில் நீரில் பளபளக்கும் வேளையில் கறுப்பே கண்ணுக்குத் துலக்கமாகத் தெரிகிறது.

நரம்பைத் தக்கையோடு பிணைக்கச் சைக்கிள் வால்வு டியூபை இரண்டு துணுக்குகளாக நறுக்கிச் சிம்பின் மேலும் கீழும் மாட்டிவிட்டால், ஆழத்தை இஷ்டம்போல் கூட்டவும் குறைக்கவும் லகுவாக இருக்கும். பிறகு ஒரு வாளித் தண்ணீரில் விட்டு, முள்ளும் புழுவும் கோத்த நிலையிலேயே, சிம்பு இரண்டு விரற்கடை மட்டும் தெரியுமளவுக்கு ஈயத்தகட்டைச் சுற்றிச் சேர்க்க வேண்டும். வாளித் தண்ணீரில் சரிபார்த்ததைக் கழிமுகத்துக்குக் கொண்டுபோனால், கடல்நீர் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கனம் அதிகமாகையால், சிம்பு முழுவதும் வெளியே எழும்பி நின்று பரிகாசம் செய்யும். அங்கே கொஞ்சம் ஈயம் கூட்டத்தான் வேண்டும். இவ்வாறு சமன் செய்த தக்கை, கெண்டை ஈயத்தையே தூக்கும்போது அமிழாமல் மேலெழும்பிக் காட்டும் விசேஷமும் உண்டு. அப்போதும் தாமதியாமல் சுண்டி இழுக்க வேண்டும்.

ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் சாப்பிட உட்காரக் கூடாது. இங்கிலாந்தில் அன்னங்கள் ஈயக்குண்டுகளை விழுங்கி மாண்டதன் காரணமாக, 1987-இல் தூண்டிலுக்கான சிறு ஈயக்குண்டுகளின் விற்பனையையே தடுத்துவிட்டார்கள். நம் குளங்களிலும் தாராவும் நாரையும் இரை தேடுகின்றன; ஆகையால் அறுந்த நரம்பையும் உதிர்ந்த ஈயத்தையும் கரையிலே விட்டுவிட்டு வராதீர்கள்.