கேட்காத சந்தா கழிகிறதா?

கொழும்பில் வேலை செய்யும் பிள்ளை லீவுக்கு மஸ்கெலியா வந்தும், சாப்பாட்டு ஆப்பின் மாதச் சந்தா கணக்கிலிருந்து போய்க்கொண்டே இருக்கும். செய்ய வேண்டியவை:

1. ஆப்பை அழிப்பதற்கு முன் உள்ளே போய்ச் சந்தாவை ரத்துச் செய்யுங்கள். அழித்தால் ஆப் மட்டுந்தான் போகும், சந்தா போகாது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

2. ரத்தானதைக் காட்டும் திரையையும் வங்கிக் குறுஞ்செய்தியையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். பிறகு அதுதான் சாட்சி.

3. பணத்தைத் திருப்பிக் கேட்டு நிறுவனத்துக்கு எழுதுங்கள்; வாய்ப்பேச்சுக்குப் பதிவில்லை.

4. வங்கிக்கும் உடனே அறிவியுங்கள், அடுத்த மாதமும் கழியாமலிருக்க. "காசு திருப்பித் தருகிறோம், ஓடிபி சொல்லுங்கள்" என்று யாராவது அழைத்தால் ஃபோனை வைத்துவிடுங்கள், அது கள்ளன்.

5. நிறுவனம் மசியாவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையை 1977 என்ற இலக்கத்தில் அழையுங்கள். முறைப்பாட்டை எழுத்திலும் அனுப்புங்கள்: 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி விசாரித்து, பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லும் அதிகாரம் அதற்குண்டு. மூன்று மாதத்துக்குள் அனுப்பிவிடுங்கள். பிந்தினால் ஏற்க மறுக்கலாம்.

6. வங்கியே தட்டிக்கழித்தால் மத்திய வங்கியின் 1935 என்ற இலக்கத்தை அழையுங்கள். தமிழிலேயே பேசுங்கள், அது உங்கள் உரிமை.