ஒரே வழியில் இருவகைத் தண்டவாளம்

மாதிரி இருப்புப் பாதை அமைப்பதைச் சிறுவர் விளையாட்டு என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். செய்து பார்த்தவர்க்கோ அது அளவின் அருமையைக் கற்பிக்கும் பௌதிகப் பாடம். மாணவர்களாகிய நமக்கு ஒரே வகைத் தண்டவாளத்தைப் புதிதாக வாங்கக் கைப்பொருள் ஏது? பலரிடம் கிடைத்த பழைய துண்டுகளைச் சேர்த்தே பாதை போடுகிறோம். இணைப்பு பிசகி மேசையிலிருந்து எஞ்சின் விழுந்தால், போவது ஒரு மாதச் சாப்பாட்டுச் செலவு. ஆகவே எவற்றைச் சேர்க்கலாம், எவற்றைச் சேர்க்கலாகாது என்பதை ஈண்டுக் காண்போம்.

முதலில் பாதையின் அகலம். இரு தண்டவாளங்களின் உள்முகங்களுக்கு இடையேயுள்ள தூரமே அகலம் எனப்படும். அது மாறினால் சக்கரம் தொடர்ந்து செல்லாது. இதற்கு நம் ஊர் வரலாறே சான்று. 1904இல் செங்கோட்டை வழியாகக் கொல்லம் வந்த மீட்டர் பாதை, 1918இல் திருவனந்தபுரத்தை எட்டி, 1931இல் தம்பானூரை அடைந்தது. அதன் அகலம் 1000 மி.மீ. வடக்கே ஷொறணூர்–எர்ணாகுளம் பாதையோ 1934இல் 1676 மி.மீ. அகலப் பாதையாயிற்று. கொல்லத்திலிருந்து கோட்டயம் வழியாக எர்ணாகுளம் செல்லும் மீட்டர் பாதை 1958இல் முற்றுப்பெற்றது. ஆயினும் எர்ணாகுளத்தில் பயணிகள் வண்டி மாறினர். சரக்கு மூட்டைகள் இறங்கி ஏறின. 1976இல் திருவனந்தபுரம் வரை அகலப் பாதை வந்த பின்னரே இவ்வழியில் அத்தொல்லை நீங்கியது. செங்கோட்டை மலைவழி முழுதும் அகலப் பாதையாக 2018 வரை காத்திருக்க நேர்ந்தது.

அகலம் வேறான இரு வண்டிகள் ஒரே வழியில் ஓட ஓர் உபாயம் உண்டு. அதுவே மூன்றாம் தண்டவாளம். ஒரு தண்டவாளம் இரண்டிற்கும் பொது, மற்றையது தனித்தனி. 1676க்கும் 1000க்கும் இடையே 676 மி.மீ. வேறுபாடு இருப்பதால் மூன்றாவதற்குத் தாராளமாக இடம் உண்டு. தான்சானியாவில் 1067 மி.மீ. பாதையும் 1000 மி.மீ. பாதையும் உள்ளன. வேறுபாடு 67 மி.மீ.தான், தண்டவாளத்தின் தலையே ஏறக்குறைய அவ்வளவு அகலம்! எனவே அங்கே கிடாட்டு என்னுமிடத்தில் சரக்கை மாற்றி ஏற்றுகின்றனர். நம் மாதிரிகளில் 16.5 மி.மீ., 9 மி.மீ. பாதைகளுக்கிடையே 7.5 மி.மீ. இருப்பதால் மூன்றாவதை இடலாம். ஆனால் இரு வண்டிகளின் நடுக்கோடும் 3.75 மி.மீ. விலகி நிற்குமாதலால், ஒன்றோடொன்று கோப்பது கடினம்.

இனி, அகலம் ஒன்றாய் உயரம் வேறானால்? இதற்கு வழி உண்டு. இந்திய ரயில்வேயின் 60 கிலோ தண்டவாளம் 172 மி.மீ. உயரம், 52 கிலோ தண்டவாளம் 156 மி.மீ. இரண்டும் சேருமிடத்தில் அதற்கெனவே செய்த இணைப்புத் தகட்டைப் பூட்டுகின்றனர். விதி எளிது: மேல்முகமும் உள்முகமும் ஒத்திருக்கவேண்டும், அடிப்பாகம் எப்படியிருந்தாலும் குற்றமில்லை. சக்கரம் தொடுவது அவ்விரு முகங்களையே அன்றோ?

மாதிரித் தண்டவாளத்தில் 'கோட் 100' என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் நூறு பங்கு உயரம், அதாவது 2.54 மி.மீ.; 'கோட் 75' ஏறக்குறைய 1.9 மி.மீ. வேறுபாடு 0.64 மி.மீ. சாலைக் கடைத்தெருவில் நாங்கள் தங்கியிருக்கும் அறையில் கிடந்த கல்யாணப் பத்திரிகை அட்டையைத் திருகு அளவியால் அளந்தேன்: 0.32 மி.மீ. இரண்டு அடுக்கு போதுமானதாயிற்று! குட்டையான பாதையின் கட்டைகளுக்கடியில் அதை ஒட்டினேன். கட்டைகளின் கனமும் வேறுபடின், அதையும் கணக்கிட்டுக்கொள்ளவேண்டும். இணைப்பானின் ஒரு பாதியைத் தட்டிச் சப்பையாக்கி, அதன்மேல் குட்டைத் தண்டவாளத்தை வைத்து ஈயத்தால் பற்றவைக்கவேண்டும்.

இவ்விணைப்பு நேர்ப்பாதையில் இருத்தல் நலம். வளைவில் சக்கர விளிம்பு வெளித் தண்டவாளத்தை அழுத்துவதால் சிறு பிசகும் வண்டியைத் தடம் புரட்டும். முடிவில் இருபுறமிருந்தும் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் இடறினால் அரத்தால் மெல்லத் தேயுங்கள். பிறகு வெற்றுப் பெட்டியைக் கையால் மெதுவாகத் தள்ளுங்கள். அது பத்து முறை தடையின்றிச் சென்றபின் எஞ்சினை ஏற்றுங்கள்.